கிளாசிக் 350 ஹெட்டை வீட்டிலேயே போர்ட்டிங் செய்வது: ஒரு பேட்டர்ன் பட்டறைக்காரனின் வழி

கழற்றிய ஹெட்டின் (சிலிண்டருக்கு மேலே மூடிபோல உட்காரும் பாகம்) இன்டேக் போர்ட்டுக்குள், அதாவது காற்று நுழையும் பொந்துக்குள், சுண்டுவிரலை விட்டு மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். முதலில் மணல் பட்ட சொரசொரப்பு தட்டும். அதைத் தாண்டினால் நீளவாக்கில் மெல்லிய ஒரு கோடு, வார்ப்புத் தையல். இன்னும் உள்ளே போய் வால்வு வந்து அமர்ந்து மூடும் சீட்டுக்குக் கீழே வந்ததும், நகம் மாட்டுகிற மாதிரி ஒரு படி இருக்கும், பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டும். காற்று போகும் பாதையைச் செதுக்கிச் சீராக்குவதைப் போர்ட்டிங் என்பார்கள்; ஊரில் காசு வாங்கிச் செய்யும் அந்த வேலையில் முக்கால் பங்கு பலன் அந்தப் படியைச் சுற்றியுள்ள ஒரு விரற்கடை இடத்தில்தான் இருக்கிறது. மீதி நீளத்தைப் பளபளப்பாக்குவது பெரும்பாலும் போட்டோவுக்கு.

எனக்குப் பிழைப்பு கோயம்புத்தூரில், பீளமேடு பக்கம் ஒரு ஃபவுண்டரியின் பேட்டர்ன் பிரிவில். பம்ப் கேசிங்குக்கும் இம்பெல்லருக்கும் அச்சு செய்கிற வேலை. அதனால் அந்தப் படி எப்படி வருகிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஹெட்டை வார்க்கும்போது போர்ட் என்கிற பொந்தை உண்டாக்குவது ஒரு மணல் கோர். கோர் அச்சுக்குள் உட்காரும் இடத்தில் கொஞ்சமாவது இடைவெளி விட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அது உள்ளே இறங்காது. உலோகம் ஊற்றும்போது அந்த இடைவெளிக்குள் கோர் கால் மில்லி, அரை மில்லி நகரும். அப்புறம் சீட் ரிங்குக்கான குழியை மெஷினில் துல்லியமாக, வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழாயான வால்வு கைடின் மையத்தைப் பிடித்துக் கடைகிறார்கள். வார்ப்பின் மையம் ஒன்று, மெஷினின் மையம் இன்னொன்று. இரண்டும் ஒத்துப்போகாத பக்கத்தில் படி விழுகிறது. லட்சக்கணக்கில் வார்க்கிற எந்த ஹெட்டிலும் இது சகஜம், கம்பெனியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரே ஒரு ஹெட்டை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார முடிகிற நமக்கு அது ஒரு வாய்ப்பு.

இங்கே நான் எடுத்துக்கொள்வது 2020 வரை கார்புரேட்டரோடு வந்த ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. 70 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), 346 சி.சி., 8.5 கம்ப்ரெஷன், 5250 ஆர்.பி.எம்.மில் 19.8 குதிரைத்திறன். இரண்டே வால்வு, புஷ் ராடு, ஹைட்ராலிக் டேப்பெட், காற்றில் குளிரும் அலுமினிய ஹெட். 2021இல் வந்த புதிய கிளாசிக் வேறு இன்ஜின். அதில் ஓவர்ஹெட் கேம், ஃப்யூயல் இன்ஜெக்ஷன் எல்லாம் இருப்பதால் இங்கே சொல்லும் எண்கள் அதற்குப் பொருந்தாது. பழையதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளிது. உள்ளே ஒளிந்த தண்ணீர்ப் பாதை கிடையாது, கழற்றுவது சுலபம், உதிரிபாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். சென்னை புதுப்பேட்டையிலும், எங்கள் ஊர் பழைய இரும்புக் கடைகளிலும் தேய்ந்த ஹெட் எடைக்கு வரும். ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள், எதற்கென்று பிறகு சொல்கிறேன்.

பெரிதாக்கினால் வேகமா?

புதிதாக இதில் இறங்குகிற எல்லோருக்கும் ஒரே நினைப்பு: ஓட்டையைப் பெரிதாக்கினால் அதிகக் காற்று உள்ளே போகும். ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

பிஸ்டனின் சராசரி வேகம் என்பது ஸ்ட்ரோக்கின் இரு மடங்கை ஒரு நொடிக்கான சுற்றால் பெருக்குவது. 90 மி.மீ. ஸ்ட்ரோக், 5250 ஆர்.பி.எம். என்றால் நொடிக்கு 15.75 மீட்டர். போர்ட்டில் காற்றின் சராசரி வேகம் அறிய, போரின் விட்டத்தைப் போர்ட்டின் விட்டத்தால் வகுத்து, அதன் வர்க்கத்தை பிஸ்டன் வேகத்தோடு பெருக்க வேண்டும். போர்ட் 29 மி.மீ. என்றால் நொடிக்கு ஏறத்தாழ 92 மீட்டர் வருகிறது. அதையே 32 மி.மீ. ஆகக் குடைந்துவிட்டால் 75 மீட்டர். இது உச்ச ஆர்.பி.எம்.மில். நீங்கள் அவினாசி ரோட்டில் ஓட்டுகிற 3000 ஆர்.பி.எம்.மில் அது 52இலிருந்து 43க்கு இறங்கும்.

வேகம் குறைந்தால் என்ன? இன்டேக் வால்வு மூடுவது பிஸ்டன் கீழே போய்த் திரும்பி மேலே ஏறத் தொடங்கிய பிறகு. அந்த நேரத்திலும் காற்று உள்ளே நுழைந்துகொண்டிருப்பது அதன் ஓட்ட வேகத்தால்தான். வேகம் செத்தால் நுழைந்த காற்றே திரும்பக் கார்புரேட்டர் பக்கம் வரும், பெட்ரோல் துளிகள் சுவரில் ஒட்டும், கீழ் ஆர்.பி.எம்.மில் வண்டி இழுக்காது. கிளாசிக்கின் அழகே 4000 ஆர்.பி.எம்.மில் கிடைக்கிற 28 நியூட்டன் மீட்டர் டார்க். அதைக் கெடுத்து மேலே இரண்டு குதிரைத்திறன் வாங்குவது, கேம், கார்ப், பிஸ்டன் எல்லாம் மாற்றிச் செட்டிப்பாளையம் டிராக்கில் ஓட்டுகிறவருக்குச் சரி. பால் வாங்கவும் வால்பாறை ஏறவும் வண்டி வைத்திருக்கிறவருக்கு ஆகாது.

ஆகவே ஒரே விதி: நடுப் போர்ட்டின் அளவைத் தொடாதீர்கள். தையலை எடுங்கள், மேட்டைத் தட்டுங்கள், அதோடு கையை எடுங்கள். வேலை செய்ய வேண்டிய இடம் வால்வுக்குக் கீழேயுள்ள கிண்ணம்.

கருவிகள்

ஆங்கிள் கிரைண்டர் இதற்கு உதவாது. நேராக நீண்ட டை கிரைண்டர் வேண்டும். கரண்டில் ஓடுவது போதும், கம்ப்ரஸர் வைத்திருப்பவர் காற்றில் ஓடுவதை எடுக்கலாம். வேகத்தைக் குறைக்க வழி இருக்க வேண்டும். கார்பன் பிரஷ் மோட்டார் என்றால், வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக் வைத்துக் குறைக்கலாம்.

கிரைண்டரில் மாட்டி உலோகத்தைச் சீவுகிற பல் வைத்த தலைதான் பர். கார்பைடு பர் வாங்கும்போது கடைக்காரரிடம் அலுமினியத்துக்கு என்று சொல்லிக் கேளுங்கள். பற்கள் அகலமாக, இடைவெளி விட்டு, ஒரே திசையில் வெட்டியிருக்கும். இரும்புக்கான குறுக்கு வெட்டுப் பர்ரைப் போட்டால் அரை நிமிடத்தில் அலுமினியம் பற்களில் அப்பிக்கொண்டு, அப்புறம் அது வெட்டாது, தேய்க்கும். நல்ல பர்ரிலும் அப்பத்தான் செய்யும், ஆகையால் மெழுகுவர்த்தியில் அவ்வப்போது ஓட்டி எடுங்கள். மண்ணெண்ணெய் தடவச் சொல்கிறவர்கள் உண்டு. தீப்பொறி விடுகிற மோட்டாருக்குப் பக்கத்தில் எனக்கு அது சரிப்படாது.

நீட்டுத் தண்டு வைத்த பர் ஒன்றும் குட்டைத் தண்டு வைத்தது ஒன்றும் வேண்டும். முட்டை வடிவத் தலை பெரும்பாலான வேலைக்குப் போதும். நீட்டுத் தண்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை: வெறும் காற்றில் முழு வேகத்தில் சுவிட்சைத் தட்டவே கூடாது. தண்டு ஒரு நொடியில் வளைந்து சாட்டை போலச் சுழலும், கையிலிருந்து கிரைண்டரைப் பிடுங்கிவிடும். குறைந்த வேகத்தில், தலை போர்ட்டுக்குள் இருக்கும்போது மட்டும் ஓட்டுங்கள். தண்டு சீட்டில் உரசாமலிருக்க அதன்மேல் இன்சுலேஷன் டேப்பை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிடுங்கள்.

இவற்றோடு 60, 80, 120 உப்புத்தாள், அதைச் சுருட்டி மாட்ட நடுவில் பிளந்த ஒரு 6 மி.மீ. கம்பி, வெர்னியர், உள் விட்டம் அளக்கும் ஸ்பிரிங் காலிபர், பெரிய மார்க்கர் பேனா, வால்வு ஸ்பிரிங் கம்ப்ரஸர், இரண்டு பக்கமும் மூடியுள்ள டப்பாவில் வரும் வால்வு கிரைண்டிங் பேஸ்ட். கண்ணாடி, காதடைப்பான், நல்ல மாஸ்க் இல்லாமல் தொடங்காதீர்கள். அலுமினியத் தூள் நுரையீரலுக்கு நல்லதல்ல, நெருப்புக்கும் ஆகாது. அந்த மேஜையில் அன்றைக்கு இரும்பு அறுக்கவோ வெல்டிங் வைக்கவோ வேண்டாம். அலுமினியத் தூளும் துருத்தூளும் கலந்து ஒரு பொறி பட்டால் என்ன ஆகும் என்று ஃபவுண்டரியில் வேலை பார்க்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

முதலில் பழைய ஹெட்டை அறுங்கள்

எடைக்கு வாங்கிய ஹெட் இதற்குத்தான். இன்டேக் போர்ட்டின் நடுவே, வால்வு கைடின் அச்சு வழியாக ஹாக்ஸா பிளேடால் இரண்டாகப் பிளந்துவிடுங்கள். ஒரு மாலை போகும், தோள் வலிக்கும், ஆனால் எந்தப் புத்தகமும் காட்டாததை அது காட்டும். சுவர் எங்கே தடிமன், எங்கே மெலிசு, ஸ்பிரிங் உட்காரும் குழி போர்ட் கூரைக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது, போல்ட் ஓட்டையும் எண்ணெய்ப் பாதையும் எந்தப் பக்கம் ஓடுகின்றன எல்லாம் வெட்டு முகத்தில் தெரியும். வெர்னியரால் அளந்து அந்த முகத்திலேயே எழுதி வையுங்கள். மெலிந்த இடத்தில் போகிற போக்கில் துளை விழுந்தால் ஆர்கான் வெல்டிங் வைத்து அடைக்கலாம். ஆனால் அந்தச் சூட்டில் சீட் ரிங் தளரலாம், கைடு நகரலாம், ஹெட் முகம் வளையலாம். துளையை அடைக்கிற செலவில் இன்னொரு ஹெட் வந்துவிடும்.

பிளந்த பாதியில் கிரைண்டரைப் பிடித்துப் பழகிக்கொள்ளுங்கள். அழுத்தக் கூடாது. பர் தன் எடையிலேயே வெட்டும், நீங்கள் அதை நகர்த்திக்கொண்டே இருந்தால் போதும். ஒரே இடத்தில் அரை நொடி நின்றால் குழி விழும், குழியை மறைக்கச் சுற்றிலும் எடுக்க வேண்டி வரும், அப்படியே போர்ட் பெரிதாகிவிடும்.

பிளக்க மனமில்லாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. போர்ட்டின் உள்ளே மெல்ல எண்ணெய் தடவி, அச்சு எடுக்கும் சிலிக்கான் ரப்பரை ஊற்றி, இறுகியதும் உருவி எடுத்தால் காற்று போகும் பாதை முழுசாகக் கையில் வரும். எங்கே வீங்குகிறது, எங்கே இடுப்பு ஒடுங்குகிறது என்று கண்ணால் பார்க்கலாம். வேலைக்கு முன் ஒன்று, பின் ஒன்று ஊற்றி வைத்துக்கொண்டால் ஒப்பிடவும் ஆகும். எனக்கு இது பேட்டர்ன் பட்டறைப் பழக்கம், மற்றவர்களுக்கு அலுப்பாக இருக்கலாம்.

கிண்ணம்

சீட்டுக்குச் சற்றுக் கீழே போர்ட் மிகவும் ஒடுங்கும் இடத்தைக் கழுத்து என்று வைத்துக்கொள்வோம். அதன் விட்டம் வால்வுத் தலையின் விட்டத்தில் 85 முதல் 90 சதவீதம் இருந்தால் நல்லது. உங்கள் வால்வை வெர்னியரால் அளந்துகொள்ளுங்கள். 36 மி.மீ. என்று வந்தால் கழுத்து 30.6 முதல் 32.4 வரை இருக்கலாம். நான் 88க்கு மேல் போவதில்லை. அதற்கு மேல் போனால் சீட்டுக்குக் கீழே வளைவு கொடுக்க உலோகம் மிஞ்சாது, காற்று மூலையில் முட்டித் திரும்பும்.

சுற்றிலும் மார்க்கரால் கறுப்படித்துக்கொண்டு தொடங்குங்கள். சீட் ரிங்கும் அலுமினியமும் சேரும் படியைத்தான் முதலில் எடுக்க வேண்டும். ரிங் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் பக்கம் ரிங்கை, அலுமினியம் நீட்டிக்கொண்டிருக்கும் பக்கம் அலுமினியத்தை. ரிங் கெட்டியான உலோகம் என்பதால் அலுமினியப் பர் அதில் துள்ளும். அதற்கு இரும்புப் பர்ரை மாட்டுங்கள். வால்வு உட்காரும் 45 டிகிரி முகத்தில் இருந்து குறைந்தது இரண்டு மில்லி தள்ளியே நிறுத்துங்கள். எங்கள் பக்கத்து ரீபோர் பட்டறை அண்ணன் ஹெட்டை வாங்கும்போதே சொல்வார்: "தம்பி, கிண்ணத்துல நீங்க என்ன வேணா பண்ணுங்க, சீட்டுல மட்டும் கை வச்சுட்டு எங்கிட்ட கொண்டாராதீங்க."

படி போன பிறகு, கழுத்திலிருந்து கிண்ணத்தின் வயிறு வரை ஒரே வளைவாகச் சேர்க்க வேண்டும். அடிக்கடி கிரைண்டரை நிறுத்தி விரலை விடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு தடவினால் இன்னும் நன்றாகத் தெரியும். காலிபரால் நான்கு திசையிலும் அளந்து, கைடின் மையத்திலிருந்து ஒரே தூரம் வருகிறதா என்று பாருங்கள்.

கைடு போர்ட்டுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அதைச் சுற்றியுள்ள அலுமினியக் குமிழைக் காற்று வரும் பக்கம் மழுக்கி, போகும் பக்கம் ஒடுக்கி, மீனின் உடல்போல ஆக்கினால் போதும். கைடையே வெட்டிக் குட்டையாக்குவது ரேஸ்காரர்கள் வேலை. வால்வு தண்டுக்குத் தாங்குதல் குறைந்து கைடு சீக்கிரம் தேயும், சூடு இறங்கவும் வழி குறையும். சாலை வண்டிக்கு வேண்டாம்.

அடுத்து, போர்ட்டின் தரை வளைந்து சீட்டுக்கு இறங்கும் உள் வளைவு. ஹெட்டிலேயே மிகவும் நுணுக்கமான இடம் இதுதான், எல்லோரும் கெடுப்பதும் இதைத்தான். வேகமாக வரும் காற்று இந்தத் திருப்பத்தில் தரையை விட்டுப் பிரிந்து, கூரைப் பக்கமாகவே வால்வைத் தாண்டிவிடும். தரைப் பக்கத்து வால்வுப் பரப்பு வீணாகிறது. திருப்பம் எவ்வளவு அகலமான ஆரமோ அவ்வளவு நல்லது. ஆனால் ஆரத்தை அகலமாக்குகிறேன் என்று தரையைக் கீழே இறக்கினால், உண்மையில் திருப்பம் இன்னும் கூர்மையாகிறது. அதனால் இங்கே பர்ரை வைக்காதீர்கள். 80 உப்புத்தாளைக் கம்பியில் சுருட்டி, கூர்முனை இருந்தால் அதை மட்டும் உருட்டிவிடுங்கள். எடுக்கத் தோன்றினால் கூரைப் பக்கம் கிண்ணத்தில் எடுங்கள், தரையை விட்டுவிடுங்கள்.

மேற்பரப்பு எவ்வளவு வழவழப்பாக வேண்டும்? இன்டேக்கில் 80இல் நிறுத்திவிடுங்கள். கார்புரேட்டர் வண்டியில் போர்ட் வழியே காற்றோடு பெட்ரோல் துளிகளும் வருகின்றன. கண்ணாடிபோல் பளபளக்கும் சுவரில் பெட்ரோல் ஏடாகப் படிந்து வழியும். சற்றுச் சொரசொரப்பான சுவர் அதை மீண்டும் காற்றோடு கலக்கவிடும். எக்ஸாஸ்ட் போர்ட்டில் பெட்ரோல் இல்லை, அங்கே 120க்கு மேலும் தேய்க்கலாம், கரி ஒட்டுவது குறையும். எக்ஸாஸ்டுக்கு நான் அதிகம் செய்வதில்லை: படி, தையல், கைடு குமிழ், அவ்வளவே. சைலன்ஸர் குழாய் போர்ட்டைவிடச் சற்று அகலமாக இருப்பதால் வெளியேறும் இடத்தில் ஒரு படி தெரியும். அதை எடுக்காதீர்கள், திரும்பி வரும் புகையை அது தடுக்கிறது.

கார்புரேட்டர் பக்கத்து மேனிஃபோல்டைப் போர்ட்டோடு பொருத்துவதும் சிறிய வேலைதான். ஹெட் முகத்தில் கறுப்படித்து, கேஸ்கெட்டை வைத்துக் கோடு கிழியுங்கள். காற்று வரும் வழியில் ஹெட்டின் விளிம்பு சுவராக நிற்கக் கூடாது. ஒரு விரல் ஆழத்துக்குள் சரித்துவிட்டால் முடிந்தது. மேனிஃபோல்டு சற்றுச் சின்னதாகவும் போர்ட் சற்றுப் பெரிதாகவும் இருந்தால் அப்படியே இருக்கட்டும்.

அறையும் கம்ப்ரஷனும்

கலவை எரியும் கம்பஷன் அறைக்குள் வேலை செய்யும்போது பழைய வால்வுகளைச் சீட்டில் போட்டுவிடுங்கள், சீட்டுக்குக் காவல். இங்கே கூர் விளிம்புகளை மட்டும் மழுக்கலாம். ஸ்பார்க் பிளக் ஓட்டையின் ஓரம், வார்ப்பு மேடு போன்றவை சூடேறிச் செந்தணலாகி, பிளக் அடிக்கும் முன்பே கலவையைப் பற்றவைக்கக்கூடியவை. அதற்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு துளி உலோகமும் கம்ப்ரஷனைக் குறைக்கும்.

எவ்வளவு குறைக்கும் என்று கணக்கு இருக்கிறது. கம்ப்ரஷன் 8.5இல் ஒன்றைக் கழித்தால் 7.5. 346 சி.சி.யை 7.5ஆல் வகுத்தால் 46.1. பிஸ்டன் மேலே இருக்கும்போது மிஞ்சுகிற மொத்த இடம் அது. கேஸ்கெட் தடிமனும் பிஸ்டன் தலையின் வடிவமும் இதில் அடக்கம். ஒரு சி.சி. கூடினால் 8.5 என்பது 8.34 ஆகிவிடும். போர்ட்டில் சம்பாதித்ததை அறையில் தொலைத்த மாதிரி.

எனவே வேலைக்கு முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். இரண்டு பிளக்கையும் மாட்டி, வால்வுச் சீட்டில் கிரீஸ் தடவி மூடி, ஹெட்டைக் கவிழ்த்து மட்டமாக வையுங்கள். நடுவில் சின்ன ஓட்டை போட்ட பெர்ஸ்பெக்ஸ் தகட்டைக் கிரீஸ் தடவி அதன் வாயில் ஒட்டி, பியூரெட்டாலோ மெடிக்கல் ஷாப் சிரிஞ்சாலோ சாயம் கலந்த தண்ணீரை நிரப்புங்கள். குமிழி நிற்காமல் நிரம்பும்போது போன அளவைக் குறியுங்கள். கூடியிருந்தால் லேத்தில் ஹெட் முகத்தை மெலிதாக எடுக்கச் சொல்லலாம். அறையின் வாய் 70 மி.மீ. வட்டமாக இருந்தால் 0.1 மி.மீ. எடுப்பதற்கு ஏறத்தாழ 0.38 சி.சி. குறையும். ஆசைப்பட்டு அதிகம் எடுக்காதீர்கள். காற்றில் குளிரும் இன்ஜின் நம் ஊர் மே மாத டிராஃபிக்கில் தட்ட ஆரம்பித்துவிடும்.

சீட் கட்டிங் கடையில்தான்

இந்த ஒரு வேலையை வீட்டில் செய்ய முயலாதீர்கள். ரீபோர் பட்டறையில் கைடை மையமாகப் பிடித்து 30, 45, 60 டிகிரி என்று மூன்று கோணத்தில் வெட்டித் தரச் சொல்லுங்கள். 45 முகத்தின் அகலம் இன்டேக்குக்கு 1 முதல் 1.5 மி.மீ., எக்ஸாஸ்டுக்கு 1.5 முதல் 2 மி.மீ. எக்ஸாஸ்ட் வால்வின் சூடு பெரும்பாலும் சீட் வழியாகத்தான் இறங்குகிறது, அங்கே அகலத்தில் கஞ்சம் பிடித்தால் வால்வு எரியும். போர்ட்டிங்கில் செலவுக்குத் தகுந்த பலன் தரும் ஒரே வேலை எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். கிரைண்டரே தொடாமல் நல்ல மூன்று கோணக் கட்டும் படி எடுத்தலும் மட்டும் செய்தாலே வண்டி மாறும்.

வரிசை முக்கியம்: முதலில் பர் வேலை, அப்புறம் சீட் கட்டிங், கடைசியாக 60 டிகிரி வெட்டின் கீழ் விளிம்பைக் கிண்ணத்தோடு கையால் உப்புத்தாள் வைத்துச் சேர்ப்பது. இந்தக் கடைசிக் கட்டத்தில் கரண்ட் கருவியே கிடையாது.

கட் செய்யும்போது வால்வு கொஞ்சம் உள்ளே இறங்கும், தண்டின் முனை அந்த அளவு மேலே ஏறும். ஹைட்ராலிக் டேப்பெட் அதைத் தானே சரிசெய்துகொள்ளும் என்றாலும், அதன் ஓட்டத்துக்கும் எல்லை உண்டு. வெட்டுவதற்கு முன் தண்டு முனையின் உயரத்தை அளந்து வைத்து, பின் ஒப்பிடுங்கள். ஸ்பிரிங் உட்காரும் உயரமும் அதே அளவு கூடியிருக்கும். அதற்கு அடியில் மெல்லிய வாஷர் வைத்துப் பழைய உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

பிறகு லேப்பிங், அதாவது பேஸ்ட் தடவி வால்வைச் சீட்டில் தேய்த்துப் பொருத்துவது. மையான பேஸ்டை மட்டும், முகத்தில் ஒரு பொட்டு வைத்து, குச்சியை இரு கையால் உருட்டி, சுற்றிலும் அறுபடாத சாம்பல் வளையம் தெரியும் வரை. தண்டில் பேஸ்ட் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வால்வு, ஸ்பிரிங் மாட்டியபின் போர்ட்டுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றி வையுங்கள். அறைப் பக்கம் ஈரம் கசியாமல் இருந்தால் சரி.

பலன் உண்டா என்று வீட்டில் பார்ப்பது

போர்ட் வழியே போகும் காற்றை அளக்கும் ஃப்ளோ பெஞ்ச் நம்மிடம் இல்லை. வீட்டு வேக்கும் கிளீனரும், கொத்தனார் மட்டம் பார்க்கிற ட்யூபும் இருக்கின்றன. ஒரு மரப்பெட்டியை நடுவில் தகடு வைத்து இரு அறையாகப் பிரித்து, தகட்டில் போர்ட் அளவுக்கு ஒரு வட்ட ஓட்டை போடுங்கள். ஒரு அறையின் மேல் ஹெட், இன்னொரு அறையில் வேக்கும் ஹோஸ். ஹெட் வழியே போகும் அதே காற்று தகட்டின் வழியேயும் போயாக வேண்டும். இரண்டு தடையிலும் அழுத்தம் எவ்வளவு குறைகிறது என்று, சாயத் தண்ணீர் ஊற்றி வளைத்த இரண்டு ட்யூப்களில் அளந்துகொள்ளுங்கள்.

தகட்டின் அளவை ஹெட்டின் அளவால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் ஒப்பீட்டு எண் கிடைக்கும். உதாரணத்துக்கு, முன்பு ஹெட்டில் 12 செ.மீ., தகட்டில் 8 செ.மீ. என்றால் 0.816. வேலைக்குப் பின் ஹெட்டில் 11.5, தகட்டில் 8.4 என்றால் 0.855. ஏறத்தாழ 5 சதவீதம் கூடியிருக்கிறது. வேக்கும் கிளீனரின் வேகம் கரண்டுக்குத் தக்க ஏறி இறங்கினாலும் இந்த விகிதம் அவ்வளவாக மாறாது, அதுதான் இதன் வசதி.

வால்வைப் போல்ட் ஒன்றால் அழுத்தி 1 மி.மீ.யிலிருந்து படிப்படியாகத் திறந்து அளந்து பாருங்கள். வால்வு தன் விட்டத்தில் கால் பங்கு திறந்ததும் சுற்றுத் திறப்பின் பரப்பு வால்வின் பரப்புக்குச் சமமாகிவிடும், அதற்குப் பிறகுதான் போர்ட் தன் குணத்தைக் காட்டும். அதுவரை சீட்டும் கிண்ணமுமே ராஜா. வால்வு ஒவ்வொரு சுற்றிலும் சிறிய திறப்பை இரண்டு முறை கடக்கிறது, உச்சத் திறப்பை ஒரே முறைதான் தொடுகிறது. ஆகவே 2, 3, 4 மி.மீ. எண்கள் ஏறியிருந்தால் சந்தோஷப்படுங்கள். உச்சத்தில் மட்டும் ஏறி, கீழே இறங்கியிருந்தால் சீட் பக்கம் எதையோ கெடுத்திருக்கிறீர்கள்.

திரும்ப மாட்டுவது

மண்ணெண்ணெயில் ஒரு முறை, பிறகு சுடுதண்ணீரும் துணி சோப்பும் போட்டுப் பிரஷ்ஷால், பிறகு காற்றால். எண்ணெய்ப் பாதைகளுக்குள் சோடா பாட்டில் பிரஷ் விட்டு எடுங்கள். ஒரு சிட்டிகை அலுமினியத் தூள் எண்ணெயோடு போனால் ஹைட்ராலிக் டேப்பெட்டும் பேரிங்கும் போச்சு. ஹெட் கேஸ்கெட்டும் வால்வு ஸ்டெம் சீலும் புதிது போடுங்கள். போல்ட்டுகளைச் சர்வீஸ் மேனுவலில் உள்ள வரிசையிலும் டார்க்கிலும், ஒரே மூச்சில் இல்லாமல் இரண்டு மூன்று கட்டமாக இறுக்குங்கள். ராக்கரை மாட்டும்போது பிஸ்டன் கம்ப்ரஷன் மேல்நிலையில் இருக்க வேண்டும். மாட்டியதும் உடனே கிக் அடிக்காதீர்கள். எண்ணெய் நிரம்பிய டேப்பெட் வால்வைத் திறந்தே பிடித்துக்கொண்டிருக்கும், அது மெல்ல அடங்க நேரம் கொடுங்கள். டீ குடித்துவிட்டு வந்து கையால் இன்ஜினை இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்து, முட்டாமல் போனால் ஸ்டார்ட் செய்யலாம்.

சட்டப் பக்கமும் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு ஆர்.சி. விவரத்தோடு முரண்படும் மாற்றங்களைத் தடுக்கிறது. போரையும் சி.சி.யையும் தொடாதீர்கள், சைலன்ஸரில் உள்ள கேட்டலிஸ்ட்டைப் பிடுங்காதீர்கள், புகைச் சான்றுக்குப் போகும்போது தெரியும். வாரண்டி இருக்கிற வண்டி என்றால் வாரண்டி முடிகிற வரை பொறுத்திருங்கள்.

காற்று கூடியதற்கு ஏற்ப பெட்ரோலும் கூட வேண்டியிருக்கலாம். புது பிளக் போட்டு, மேட்டில் மூன்றாவது கியரில் முழுத் திராட்டிலில் கொஞ்ச தூரம் இழுத்து, அப்படியே கிளட்ச் பிடித்து இன்ஜினை அணைத்து ஓரங்கட்டி, சூடு ஆறியதும் கழற்றிப் பாருங்கள். இளம் காபி நிறம் என்றால், கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையான ஜெட்டைத் தொட வேண்டாம். வெள்ளையாகச் சுண்ணாம்பு போல இருந்தால் மெயின் ஜெட்டை ஒரு அளவு ஏற்றிவிட்டு, ஏர் ஃபில்டர் பெட்டியை மூடியபடியே மறுபடி அதே மேட்டில் இழுத்துப் பாருங்கள்.